லொக் நட் திறப்பு இல்லை, சில்லைக் கழற்ற வேண்டும்

பொன்னாலைப்பாலம் (ஞாயிறு, மாலை 6.20)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2014 ஹொண்டா ஃபிற் ஹைபிரிட். போன வருடம் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினோம். கொக்குவிலில் இருந்து காரைநகருக்குத் தினமும் படிப்பிக்கப் போய் வருகிறேன். ஒரு கிழமையாக முன் இடப்பக்கச் சில்லில் காற்று இறங்குகிறது. காலையில் அடித்தால் பின்னேரம் பாதிதான் இருக்கும்.

நேற்று ரயர்கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி மூன்று நட்டைக் கழற்றிவிட்டு நாலாவதில் நின்றுவிட்டார். அதன் தலை வட்டம், நடுவில் பூப்போல ஒரு வெட்டு. "இது லொக் நட் அக்கா, சில்லைக் களவெடுக்காமல் இருக்கப் பூட்டுறது, இதுக்கொரு திறப்பு இருக்கும், எடுத்துத் தாங்கோ" என்றார். என் காரில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

டாஷ்போர்ட் பெட்டி, கதவுப் பைகள், டிக்கிப் பாய்க்குக் கீழே, சீற்றுக்கு அடியில் எல்லாம் தேடியாயிற்று. இந்தக் காரில் ஸ்பெயார் சில்லே இல்லை, மருந்து ஊற்றி ஒட்டுகிற பெட்டி மட்டும்தான். அதற்குள்ளும் பார்த்தேன். விற்றவருக்குப் போன் எடுத்தால், "நான் ஒருநாளும் சில்லுக் கழற்றவில்லையே" என்கிறார். நாலு சில்லிலும் இப்படி ஒவ்வொன்று இருக்கிறது. தம்பி உளியால் அடித்துப் பார்க்கவா என்று கேட்டார். நான் பயந்துபோய், கழற்றிய மூன்றையும் திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி என்ன செய்ய?

---

வடமராட்சி88 (ஞாயிறு, மாலை 6.41)

உளிதான் அக்கா. ஓரத்தில் வைத்து இடப்பக்கம் திரும்புகிற மாதிரி நாலு அடி, வந்துவிடும். நான் என் வானுக்கு அப்படித்தான் செய்தேன்.

---

சுன்னாகம்கராஜ் (ஞாயிறு, இரவு 8.05)

தம்பி, உங்கள் வானில் இரும்பு றிம்மாக இருந்திருக்கும். இந்த அக்காவின் காரில் அலோய். நட் இருக்கிற குழி ஒடுக்கம். உளி ஒருமுறை சறுக்கினால் றிம்மில் விழுகிற காயம் பிறகு போகாது. அதோடு அந்த நட் கடினப்படுத்திய இரும்பு. உளியின் வாய்தான் முதலில் மழுங்கும்.

அக்கா, முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் அவசரம் காற்று இறங்குவது. அதற்குச் சில்லைக் கழற்றவே தேவையில்லை. ஆணி ரயரின் நிலத்தில் படுகிற பக்கத்தில் குத்தியிருந்தால், முன் சில்லுத்தானே, ஜக் வைத்து ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, காரிலேயே வைத்து ரியூப்லெஸ் ஒட்டுப் போடலாம். ஆணியைப் பிடுங்கி, துளையை அராவி, பசை பூசிய திரியைச் செருகுவார்கள். பத்து நிமிட வேலை. ரயரின் பக்கச்சுவரில் குத்தியிருந்தால் மட்டும் அது சரிவராது. நாளைக்கே அதைச் செய்யுங்கள். நட்டை ஆறுதலாகப் பார்க்கலாம்.

பிறகு எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

நட்டின் வெளிவட்டத்தை விரலால் திருகிப் பாருங்கள். அது தனியாகச் சுழல்கிறதா, இல்லை நட்டோடு ஒரே துண்டா? சிலவற்றில் வெளியே ஒரு வளையம் சும்மா சுற்றும். அந்த வகைக்கு மேலே எதை அடித்து இறுக்கினாலும் வளையம்தான் சுற்றும், நட் அசையாது.

அடுத்தது, நட்டைச் சுற்றிக் குழிச்சுவருக்கு எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சின்ன விரல் போகுமா?

---

லண்டன்வாசி (ஞாயிறு, இரவு 9.30)

இங்கே இது பெரிய விஷயமே இல்லை. போன் எடுத்தால் வானில் வீட்டுக்கே வந்து கழற்றித் தருவார்கள். இதை மட்டுமே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ என்றால் கொம்பனிக் கராஜில் எல்லாத் திறப்பும் அடங்கிய பெட்டியே இருக்கும், ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். அங்கே ஹொண்டாவிடம் கேட்டுப் பார்க்கலாமே?

---

பனங்கொட்டை (ஞாயிறு, இரவு 9.52)

அண்ணை, இங்கேயும் வீட்டுக்கு வருவார்கள். சுத்தியலோடு.

---

சுன்னாகம்கராஜ் (ஞாயிறு, இரவு 10.10)

லண்டன் அண்ணை சொல்வது ஐரோப்பியக் கார்களுக்குச் சரி. யப்பானில் இருந்து வந்த இந்தக் கார்களில் லொக் நட் பெரும்பாலும் அங்கேயே முதல் சொந்தக்காரர் வெளியில் வாங்கிப் பூட்டியது. கியோ-எய், மக்கார்ட் என்று பல பெயர்களில் வரும். மக்கார்ட்டுக்குத் திறப்போடு ஒரு அட்டை கொடுப்பார்கள், அதிலுள்ள இலக்கத்தைச் சொன்னால் புதுத் திறப்பு எடுக்கலாம். அந்த அட்டை கடல் கடந்து, ஏலம் கடந்து, இரண்டு மூன்று கை மாறி உங்கள் கையில் வந்து சேர்ந்தால் அதிசயம்.

ஆனாலும் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நட்டின் வெட்டுக்குள் மெழுகையோ பிள்ளைகளின் விளையாட்டுக் களியையோ அழுத்தி அச்சு எடுங்கள். நேரே முன்னால் நின்று ஒரு படமும் எடுங்கள். இரண்டையும் பெரிய ரயர்கடைகளில் காட்டுங்கள். ஆட்கள் மறந்து விட்டுப்போன திறப்புகளை ஒரு ரின்னில் போட்டு வைத்திருப்பார்கள். கொழும்பில் யாராவது இருந்தால் வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலும் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

---

பொன்னாலைப்பாலம் (செவ்வாய், இரவு 7.15)

நன்றி தம்பி. நேற்றே ஒட்டுப் போட்டாயிற்று, ஒன்றரை அங்குல ஆணி. காற்று நிற்கிறது. பெரிய நிம்மதி.

வெளிவட்டம் தனியாகச் சுழலவில்லை, ஒரே துண்டு. என் சின்ன விரல் நகம்வரை போகிறது. களி அச்சோடு மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் உண்மையாகவே ரின் வைத்திருந்தார்கள், பதினைந்து இருபது திறப்பு இருக்கும். ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. அந்தத் தம்பி, காற்றழுத்தத்தால் நட்டைத் தட்டித் திருப்புகிற எயார் கன்னில் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிழையா?

---

சுன்னாகம்கராஜ் (செவ்வாய், இரவு 7.40)

பிழையே இல்லை, நல்ல காலம். லொக் நட் திறப்பை எயார் கன்னில் போடவே கூடாது, சரியான திறப்பாக இருந்தாலும். அதன் பற்கள் மெல்லியவை. கன் தட்டத் தட்டப் பல் உடையும், இல்லாவிட்டால் நட்டின் வெட்டு வழிந்துபோகும். அதற்குப் பிறகு திறப்புக் கிடைத்தும் பயனில்லை. என்னிடம் வருகிற லொக் நட் கேசுகளில் பாதிக்கு மேல் திறப்புத் தொலைந்ததில்லை, கன்னால் கெட்டது.

இறுக்குவதும் அப்படித்தான். உங்கள் காருக்குச் சில்லு நட் இறுக்கம் 108 நியூட்டன் மீற்றர். ஒரு மீற்றர் நீளப் பைப்பின் நுனியில் 11 கிலோ பாரம் தொங்கினால் வருகிற இறுக்கம் அது. ஒரு அரிசிப்பையைத் தொங்கவிட்டது போலத்தான். கன்னை விரல் எடுக்காமல் பிடித்தால் அதைப்போல இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஏறிவிடும்.

---

சோமசெற்_ஐயா (புதன், காலை 5.50)

பிள்ளை, நான் தொழில் விட்டுப் பத்து வருடமாகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரே துண்டு நட் என்றால், அதன் வெளிவட்டத்தைவிடச் சற்றுச் சின்னதான சொக்கற்றை (நட்டின் மேல் மாட்டித் திருப்புகிற குழல்) அடித்து ஏற்றுவதுதான் பழைய வழி. ஆறு மூலைச் சொக்கற் வேண்டாம், பன்னிரண்டு மூலை வேண்டும். மூலை கூடக்கூட வட்டத்தில் கடிக்கிற இடம் கூடும். வேர்ணியரால் நட்டை அளந்து, அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சின்னதாக எடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். 20 ஏறாது, 21 வழுக்கும். நடுவில் மில்லிமீற்றர்ச் சொக்கற் இல்லை.

ஆனால் இஞ்சி, அதாவது அங்குல அளவுச் சொக்கற் இருக்கிறது. பதின்மூன்று பதினாறு (13/16) இஞ்சி என்பது 20.6 மில்லிமீற்றர். முக்கால் இஞ்சி என்றால் 19.05. யாழ்ப்பாணத்தில் இஞ்சிச் சாமான் இல்லாத பழைய கராஜ் உண்டா? சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று பழைய இங்கிலாந்துக் கார்கள் ஓடிய ஊர் இது. பெற்றோல் வராத தொண்ணூறுகளில் ஒரு மூடி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். பின்னால் வந்தவர்களுக்குக் கண் எரியும். அந்தக் கார்களுக்கு வாங்கிய சொக்கற் இன்னும் தகரப்பெட்டிகளில் கிடக்கிறது. உங்கள் கராஜ்காரரிடம் கேளுங்கள், அவரிடம் இல்லாவிட்டால் அவருடைய ஐயாவிடம் இருக்கும்.

---

சுன்னாகம்கராஜ் (புதன், காலை 8.30)

ஐயா, உண்மையாகவே அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. வணக்கம் ஐயா.

அக்கா, சனிக்கிழமை கொண்டுவாருங்கள். வருவதற்கு முதல் மூன்று நாளும் இரவில் நட்டின் அடிப்பக்கத்தில் துரு இளக்கி எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நீங்கள் தினமும் பொன்னாலைப் பாலம் தாண்டுகிறீர்கள், இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்று மரைக்குள் போயிருக்கும். பிறேக் டிஸ்க்கில் மட்டும் படவிடாதீர்கள்.

---

கடல்காற்று (புதன், மதியம் 12.20)

எல்லாம் சரி, இப்படிப் பொதுவில் எழுதினால் சில்லுக் கள்ளருக்கும் படிப்பிக்கிற மாதிரி இல்லையா? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்ப விட்டார்கள். அந்த ஐந்து வருடமும் ஒரு சோடி அலோய் றிம்மின் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

---

பனங்கொட்டை (புதன், மதியம் 12.31)

கள்ளனுக்கு இது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தெரியாமல் நிற்பது சொந்தக்காரர்தான். அதோடு சுத்தியலால் பத்து நிமிடம் இந்தச் சத்தம் போட்டால், எங்கள் ஒழுங்கையில் நாய்க்கு முதல் அம்மம்மா எழும்பிவிடுவார்.

---

பொன்னாலைப்பாலம் (சனி, இரவு 8.50)

போய் வந்தேன். மூன்று கழன்றது. ஒன்று மல்லுக்கட்டியது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பிறகு யாருக்காவது உதவும்.

கார் நிலத்தில் நிற்கும்போதே செய்தார்கள், ஜக் வைக்கவில்லை. சில்லு சுழலாமல் இருக்கவேண்டுமாம். கைபிறேக் இழுத்து, பின்சில்லுக்குக் கல் வைத்தார்கள். முதலில் பக்கத்தில் இருந்த மூன்று சாதாரண நட்டையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். எனக்கு விளங்கவில்லை, கழற்ற வந்த இடத்தில் இறுக்குகிறார்களே என்று கேட்டேன். மற்ற மூன்றும் றிம்மை உள்ளே அழுத்தினால் லொக் நட்டின் மேலிருக்கிற பாரம் குறையுமாம்.

பிறகு ஐயா சொன்ன அதே இஞ்சிச் சொக்கற். சுத்தியலால் ஏழெட்டு அடி. சத்தம் மாறுகிற மட்டும் அடித்தார்கள். முதலில் ணங் ணங் என்று கேட்டது, ஏறி இருந்தவுடன் டொக் என்று அமுங்கிவிட்டது. எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள், எனக்கும் ஒன்று தந்தார்கள். சொக்கற் சிதறினால் துண்டு பறக்குமாம். நீளக் கைபிடியில் பைப்பைச் செருகி, குத்தாமல் ஒரே சீராக அழுத்தினார்கள். டக் என்று ஒரு சத்தம். சில்லே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். நட் இளகிய சத்தம் அது. சொக்கற்றுக்குள் இறுகிப்போன நட்டைப் பின்பக்கச் சதுரத் துளையால் ஒரு கம்பி விட்டுத் தட்டி எடுத்து, அதே சொக்கற்றை அடுத்ததற்கு அடித்தார்கள். முன்சில்லு இரண்டும் பின் இடப்பக்கமும் அப்படியே வந்துவிட்டன.

பின் வலப்பக்கத்தில் சொக்கற் ஏறியது, ஆனால் வழுக்கியது. சுத்தமாகத் துடைத்து விளக்குப் பிடித்துப் பார்த்தால் நட்டின் ஓரத்தில் பழைய உளிக்காயம் இரண்டு. "ஒருநாளும் சில்லுக் கழற்றவில்லை" என்றவரின் வேலைதான், இல்லாவிட்டால் அவருக்கும் முதல் வைத்திருந்தவரின் வேலை. திரும்ப அடித்தும் சரிவரவில்லை. திங்கட்கிழமை வெல்டிங் செய்யலாம் என்கிறார்கள். ஹைபிரிட் காரில் வெல்டிங் செய்யலாமா?

---

கோண்டாவில்_வெல்டிங் (சனி, இரவு 9.40)

செய்யலாம், ஆனால் சரியான ஆள் செய்ய வேண்டும். ரயர் சூடாகிற வேலை விளையாட்டில்லை. நான் சொல்வதை அவர்களிடமும் காட்டுங்கள்.

சில்லின் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட வேண்டும். காற்று இறங்கிவிட்டது என்று ஊசியைத் திரும்பப் பூட்டக் கூடாது. ரயருக்குள் றப்பர் சூடேறினால் எரிவாயு சேரும், அது போக வழி வேண்டும். வழி இல்லாமல் வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம்.

12 வோல்ற் பற்றரியின் கழி (மைனஸ்) முனையைக் கழற்ற வேண்டும்.

வெல்டிங் மெசினின் ஏர்த் கவ்வியைப் பம்பரிலோ சஸியிலோ போடக் கூடாது. போட்டால் மின்னோட்டம் சில்லுப் பேரிங்குக்குள்ளால் போய்க் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் காயம் வரும். ஒரு மாதத்தில் உம் என்று இரைச்சல் தொடங்கும், ஏனென்று ஒருவருக்கும் தெரியாது. அதே சில்லில் பக்கத்து நட்டில்தான் கவ்வ வேண்டும்.

றிம்மை ஈரச்சாக்கால் மூடி, ஒரு சாதாரணப் பெரிய நட்டை லொக் நட்டின் முகத்தில் வைத்து, அதன் துளைக்குள்ளால் ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று செக்கன் ஒட்டு, நிறுத்து, திரும்ப ஒட்டு. கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பானர் போட்டால் வரும். சூட்டில் நட் விரிந்து மரையும் இளகியிருக்கும். காஸ் விளக்கால் முழுக்கச் சூடாக்குகிறவர்களை விடாதீர்கள். அலோய் றிம் அந்தச் சூட்டில் பலம் இழந்துவிடும், பார்வைக்குத் தெரியாது.

அந்த நட் ஏறியிருந்த போல்ற் பிறகு பாவிக்க உதவாது. புதிது மாற்றச் சொல்லுங்கள்.

---

வடமராட்சி88 (சனி, இரவு 10.02)

துளைத்து எடுத்தால் என்ன?

---

கோண்டாவில்_வெல்டிங் (சனி, இரவு 10.15)

எடுக்கலாம். கோபால்ற் துளை அலகு வேண்டும், அரை நாள் வேண்டும், நடுவை விட்டு விலகாத கை வேண்டும். எதுவும் சரிவராத கடைசியில் அதுதான்.

---

பொன்னாலைப்பாலம் (செவ்வாய், மாலை 5.30)

கழன்றது! சொன்ன மாதிரியே செய்தார்கள். இரண்டாவது ஒட்டிலேயே திரும்பியது. பின் ட்றம்மைக் கழற்றி, பழைய போல்ற்றைத் தட்டி வெளியே எடுத்து, புதியதை நட்டால் இழுத்து ஏற்றினார்கள். றிம்மில் ஒரு சின்னக் கரி அடையாளம், அவ்வளவுதான்.

கழற்றிய நாலு லொக் நட்டையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள், ஞாபகத்துக்கு. அதன் படத்தையும் என்னுடைய சாதாரண நட்டின் படத்தையும் கீழே போடுகிறேன். புதிதாக நாலு நட் வாங்க வேண்டும். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் எதைக் கேட்க வேண்டும்?

---

சுன்னாகம்கராஜ் (செவ்வாய், மாலை 6.10)

அக்கா, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை, அது என் பிழை.

உங்கள் சாதாரண நட்டின் அடி உருண்டை. ஹொண்டா தன் சொந்த றிம்முக்கு அப்படித்தான் கொடுக்கிறது, றிம்மின் குழியும் அரைக்கோளமாக இருக்கும். லொக் நட்டின் அடி கூம்பு. வெளிச்சந்தை றிம்முக்குச் செய்த நட் அது. உருண்டைக் குழிக்குள் கூம்பு போய் உட்கார்ந்தால் முழு முகமும் படாது, ஒரு மெல்லிய வளையம்தான் படும். லொக் நட்டின் அடியில் மினுங்குகிற கோடு தெரிகிறதே, அவ்வளவு இடத்தில்தான் அது பிடித்திருக்கிறது. அப்படியான நட் ஓட ஓட இளகும். அதற்குப் பயந்துதான் யாரோ கன்னால் வெளுத்து இறுக்கியிருக்கிறார்கள்.

ஆக, ஒரு சில்லுக்கு நாலு நட், அதில் ஒன்று ஒழுங்காகப் பிடிக்காமல் நீங்கள் ஒரு வருடம் ஓடியிருக்கிறீர்கள். திறப்புக் கிடைத்திருந்தால் திரும்பவும் அதையே பூட்டியிருப்போம்.

கடையில் கேட்க வேண்டியது: 12க்கு 1.5 மரை (12 மில்லிமீற்றர் தடிப்பு, மரைக்கு மரை 1.5 மில்லிமீற்றர்), 19 மில்லிமீற்றர் தலை, உருண்டை அடி. உங்கள் சாதாரண நட் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நான்கு றிம்மின் குழியையும் நான் ஒருக்கால் பார்க்க வேண்டும், கூம்பு வெட்டியிருக்கிறதா என்று.

---

சோமசெற்_ஐயா (புதன், காலை 5.35)

இதைத்தான் நான் சொல்ல மறந்தேன். தம்பி சரியாகப் பிடித்தார்.

பூட்டும்போது மரையைக் கம்பித்தூரிகையால் தேய்த்துத் துருவை எடுங்கள். எண்ணெய், கிறீஸ் பூசாதீர்கள். பூசினால் அதே 108இல் போல்ற் கூடுதலாக இழுபடும். குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும்.

---

பொன்னாலைப்பாலம் (அடுத்த ஞாயிறு, காலை 10.05)

புது நட் நாலும் பூட்டியாயிற்று. மூன்று றிம்மின் குழி நன்றாக இருக்கிறது. பின் வலப்பக்கத்தில் மட்டும் ஓரத்தில் மெல்லிய தழும்பு, நட் முழுக்க உட்காருகிறது, பயப்பட வேண்டாம் என்றார் தம்பி. ரோர்க் ரென்ச்சால் 108 வைத்து இறுக்கி, 80 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப வரச் சொன்னார். இரண்டு நாள் காரைநகர் போய் வந்ததிலேயே அது சரி. வெள்ளிக்கிழமை திரும்பப் பார்த்தபோது பின் வலப்பக்கத்தில் ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறியது. மற்றதெல்லாம் அசையவில்லை.

லொக் நட் திரும்பப் போடவில்லை. கார் இரவில் கேற்றுக்குள்தான் நிற்கிறது. என் கணவர் மட்டும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

---

வாகன்ஆர்_காரி (ஞாயிறு, மதியம் 2.18)

அக்கா, உங்களிடம் மிஞ்சியிருக்கிற லொக் நட் நாலையும் எனக்குத் தருவீர்களா? என் றிம் வெளிச்சந்தை றிம்தான், கூம்புக் குழி. திறப்பை எங்கேயாவது தேடி எடுத்துக்கொள்கிறேன்.

---

சுன்னாகம்கராஜ் (ஞாயிறு, மதியம் 2.40)

தங்கச்சி, உங்கள் வாகன்ஆர் சுசுக்கி, அதற்கு 12க்கு 1.25 மரை. ஹொண்டா நட் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்துக் கன்னால் அடித்தால் போல்ற்றின் மரை முழுக்கப் போய்விடும். அதோடு அந்த நாலிலும் சொக்கற் அடித்த காயம், ஒன்றில் வெல்டிங் கட்டி. திறப்பையும் தேட வேண்டும்.

வேண்டாம்.

---

பனங்கொட்டை (ஞாயிறு, மதியம் 2.44)

களி அச்சு என்றால் அக்காவிடம் இருக்கிறது.